வந்தியின் பங்கு

வைகை பெருகிக் கரை உடைத்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, மண் சுமக்கத் தெம்பும் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப் பிரம்படி பட்டதைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை அதை இன்றும் நடத்திப் பார்க்கிறது. அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்ததையே நாம் பேசுகிறோம். கிழவிக்கு ஏன் பங்கு அளந்தார்கள் என்று கேட்பதில்லை.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது நியாயமே. வீடு என்றால் ஒரு பங்கு. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும் ஊர்களிலும் மாடிவீட்டுக்கும் குடிசைக்கும் ஒரே தொகைதான். ஒரு வீட்டில் அது சட்டைப்பைச் சில்லறை, இன்னொரு வீட்டில் ஒரு வாரத்து உலைஅரிசி. இதைச் சமம் என்று சொல்ல நாக்கூசுகிறது.

அப்படியானால் பாட்டியை விட்டுவிடலாமா? இரக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்க நினைக்கும் ஊர் என்ன செய்யும்? அந்த வீட்டில் வரி வாங்க மறுக்கும். கொடுக்கப் பணம் இருந்தும் வாங்க ஆளில்லாமல் வாசலில் நிற்கும் அவமானம் பட்டவர்களுக்குத் தெரியும். வந்தி விலக்குக் கேட்டு அழவில்லை. தனக்காக மண் சுமக்க ஓர் ஆளைத் தேடினாள், இருந்த பிட்டைக் கூலியாகப் பேசினாள். பங்கு கேட்கப்படுவதும் ஒரு மரியாதைதான்.

அதே மரியாதையின் பெயரால் சுரண்டலும் நடந்திருக்கிறது. ஊரே கூடி நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்தில் கோடையில் ஏரியைத் தூர்வாருவார்கள். வெட்டிய வண்டல் வயலுக்கு எருவாகும், உயர்ந்த கரை அடுத்த போகத்துக்குத் தண்ணீர் தேக்கும். நிலம் உள்ளவனுக்கு இரண்டு லாபம். வயலே இல்லாதவன் வண்டலை எங்கே கொட்டுவான்? வழக்கப்படி வேலைக்கு வர வேண்டியவர் காரணமின்றி வராவிட்டால் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்ட வேண்டும் என்றது 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். அந்த வழக்கத்தை யார் வகுத்தார்கள் என்று அது கேட்கவில்லை. பலனில் இடமில்லாதவனிடம் வாங்கும் பங்குக்கு வெட்டி என்றே பெயர்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, செலவில் 10 விழுக்காட்டைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்று வைத்தது. நல்ல ஏற்பாடுதான். அந்தப் பத்தையும் ஒப்பந்தக்காரரே போட்டுவிட்டால் கரை உயரும், கணக்கும் நேராகும். அடுத்த மழையில் மதகில் கசிவு கண்டால் மட்டும், ‘காண்ட்ராக்டருக்குப் போன் போடு’ என்பார்கள்.

வந்தியின் பங்குக்குத் திரும்பலாம். கரை முழுக்க அடைபட்டுவிட்டது, கிழவியின் பங்கு மட்டும் பாக்கி என்று அரசனிடம் போய்ச் சொன்னார்கள். அதற்கு இடப்புறத்திலும் வலப்புறத்திலும் பங்கு வாங்கியவர்கள் தங்கள் அளவை முடித்து, கூடையைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சோம்பேறி அந்தக் கூலியாள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த பங்குக்காரர் நாலு கூடை மண்ணைக் கொஞ்சம் தள்ளிக் கொட்டியிருந்தால், பாண்டியன் பிரம்பைத் தொட்டிருக்கவே வேண்டாம்.