பெட்டிக்குள் பெட்டி எதற்கு?

அமெரிக்காவில் இறந்தவரை வைத்த சவப்பெட்டியை அப்படியே மண்ணில் புதைத்துவிடுவதில்லை, தெரியுமா? பெரும்பாலும் குழிக்குள் ஒரு கான்கிரீட் பெட்டகம் இறக்கி, அதற்குள்தான் வைக்கிறார்கள். வெறும் கான்கிரீட்டும் உண்டு; உள்ளே செம்புத் தகடு பதித்து, நீர் புகாமல் அடைத்த ரகமும் உண்டு. கணவரைப் பறிகொடுத்துக் கண்ணீரோடு நிற்பவளிடம் விலைப் பட்டியலை நீட்டினால், மலிவானதைக் கேட்க மனம் வருமா? ‘இதிலுமா கணக்குப் பார்ப்பது?’ என்று பதறத்தானே செய்யும்!

ஆனால், அந்தப் பெட்டகம் எதைக் காக்கிறது? மேலே மண் உள்வாங்காமல், புல்வெளி சமமாக இருக்கவே பல கல்லறைத் தோட்டங்கள் அதைக் கேட்கின்றன. மாநிலச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. உடல் நெடுங்காலம் அழியாதிருக்கும் என்று ஆசைகாட்டி விற்பதை, 1984-ல் அமலுக்கு வந்த மத்திய அரசு விதி தடுக்கிறது. பெட்டகங்களைக் காட்டும் முன்பே விலையைக் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிதான். துக்கத்தில் இருப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அன்பைச் செம்பால் அளக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அங்குள்ள ஆசாரமான யூதர்களுக்கு, உடல் மண்ணோடு சேர வேண்டும் என்பது மத விதி. தோட்டமோ பெட்டகம் கேட்கிறது. என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெட்டகத்தின் அடியில் துளை போட்டு இறக்கச் சொல்கிறார்கள்.