வெளிச்சமும் அதிகாரமும்

இருளில் இருப்பவன்மீது ஒளி பாய்ச்சுவது நன்மையா? கேள்வி காதில் விழுந்தவுடனேயே, ‘இதிலென்ன ஐயம்?’ என்று கூறத் தோன்றும். ஒளியை அறிவுக்கும் இருளை அறியாமைக்கும் உவமை சொல்லிப் பழகிவிட்டவர்கள் நாம். எழுத்தாளன் சமுதாயத்தின் இருண்ட மூலைகளுக்கு ஒளியூட்ட வேண்டுமென மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் உவமையை ஒருபுறம் வைத்துவிட்டு உண்மையான ஒளியை, ஒரு மனிதன் கையிலே சுமந்துசென்று இன்னொரு மனிதனின் முகத்திலே வீசும் ஒளியை, எடுத்துக்கொண்டால் விடை அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. புகைப்படக் கலைஞன் வெளியிடங்களுக்குத் தூக்கிச் செல்லும் பிளாஷ் விளக்கின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1887ஆம் ஆண்டில் அடோல்ஃப் மீதே, யொஹான்னஸ் கேடிக்கே என்னும் ஜெர்மானியர் இருவர், மகனீசியத் தூளோடு வேறு இரசாயனங்களைக் கலந்து, தீப்பற்றியதும் கணப்பொழுதிற் பேரொளி எழுப்பும் தூள் ஒன்றை உருவாக்கினர். இச்செய்தியைப் பத்திரிகையிற் கண்டு துள்ளியெழுந்தவர் நியூயோர்க் நகரத்துப் பொலிஸ் செய்தி நிருபர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்து, பசியையும் வீடற்ற வாழ்வையும் தாமே அனுபவித்தவர் அவர். அந்நகரத்து ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் குடியிருப்புகளின் உள்ளறைகளுக்குச் சாளரமே கிடையாது. அங்கு நிலவிய அவலத்தை எழுதி எழுதிச் சலித்திருந்த அவருக்கு இந்தத் தூள் ஓர் ஆயுதமாயிற்று. நள்ளிரவிலே அறைக்குள் நுழைவார்; தூளைக் கொளுத்துவார்; உறங்கியவர்கள் திடுக்கிட்டு விழிப்பதற்குள் படம் பதிவாகிவிடும். 1890இல் வெளிவந்த ‘மற்றைய பாதிமக்கள் வாழும் விதம்’ என்ற அவரது நூல் இவ்வாறே உருவாயிற்று.

அந்நூலில் ரீஸ் தாமே ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒரு மேன்மாடத்து அறையிலே கண்பார்வையற்ற இரவலர் ஐவரைப் படமெடுக்கச் சென்றார். தூள் வெடித்து, கண்ணைப் பறித்த ஒளி அடங்கியபின் பார்த்தால், சுவரிலே தொங்கிய காகிதமும் கந்தலும் பற்றி எரிந்துகொண்டிருந்தன. தம்மைச் சூழ்ந்த ஆபத்தை அந்த ஐவரும் அறியார். தெருவுக்கு இறங்க ஆட்டங்கண்ட படிக்கட்டு ஒன்றே வழி. சுற்றிலும் அதேபோல நிராதரவான குடும்பங்கள். ரீஸ் தனித்து நின்று தீயை அணைத்தார். அவருடைய ஒளியைக் காணமுடியாதவர்கள் அந்த ஐவர். அதன் தீயிலே வெந்திருக்கக்கூடியவர்களும் அவர்களே.

ரீஸைப் பழிப்பது நமது நோக்கமன்று. அவரது எழுத்தும் படங்களும் வீண்போகவில்லை. 1896இல் நகரத்துப் பொலிஸ் நிலையங்களோடு இணைந்திருந்த இழிந்த தங்கிடங்கள் மூடப்பட்டன. அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென வற்புறுத்திய 1901ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்துக்கு வழிசமைத்த காரணங்களுள் அவரது உழைப்பும் ஒன்று. எனினும் அதே நூலிலே சீனரையும் யூதரையும் இத்தாலியரையும் பற்றி அவர் எழுதியவை இன்று படிப்போரைத் தலைகுனியச் செய்யும். நன்மை விளைத்த ஒரு செயலில் அவமதிப்பும் கலந்திருக்கலாம். பயன் விளைந்ததென்பதற்காக அவமதிப்பை மன்னிக்கலாமா? நம் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது.

இன்றைய கருவியைப் பார்ப்போம். வெடிதூள் போய், 1929-30 அளவில் பிளாஷ் குமிழ் வந்தது. 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் எட்ஜர்ட்டனின் உழைப்பால் மின் பிளாஷ் வளர்ந்தது. கொள்ளளவி ஒன்றிலே சேமித்த மின்னைச் செனன் வாயு நிரம்பிய குழாயினூடாகக் கண்ணிமைக்கும் நேரத்திற்கும் மிகக் குறைந்த நேரத்திலே பாய்ச்சும் உத்தி அது. நெடுங்காலம் வலிமைமிக்க பிளாஷ் ஸ்ரூடியோவின் சுவர் மின்னிணைப்புக்குக் கட்டுண்டிருந்தது. வெளியே கொண்டுசெல்வதாயின் பாரமான ஈயப் பற்றரிகளைச் சுமக்க நேர்ந்தது. லிதியம் பற்றரி இந்தத் தளையை அறுத்தது. 2013இல் ஸ்வீடன் நாட்டுப் புரோஃபோட்டோ நிறுவனம் வெளியிட்ட பி1 என்னும் விளக்கு, பற்றரியைத் தன்னுள்ளேயே கொண்டு, 500 வாட்-செக்கன் ஆற்றலோடு, ஒரே மின்னேற்றத்தில் முழுவலிமையில் 220 தடவை வரை ஒளிரவல்லது. அதன்பின் விலை குறைந்த பல கருவிகள் வந்துவிட்டன. இன்று ஒருவன் ஸ்ரூடியோவின் ஒளி முழுவதையும் ஒரு தோட்பையிலே அடைத்து, மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் எடுத்துச் செல்லலாம்.

இக்கருவியின் பெருவலிமை எது? இருளை ஒளியாக்குவது என்பீர்கள். உண்மையிலே அதன் வியத்தகு வித்தை பகலை இருளாக்குவது. நமது மலைநாட்டிலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை உச்சிவேளையிற் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். கமராவின் துவாரத்தைச் சுருக்கிச் சூரிய ஒளியின் பெரும்பங்கைத் தடுத்துவிட்டு, அவளுக்கு இரண்டு மீற்றர் தூரத்திலே வலிமையான பிளாஷை நிறுத்தினால், அவளது முகம் மட்டும் சுடர்விடும். வானம் புயல்முகம்போற் கருக்கும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், விளக்கிலிருந்து ஆறு மீற்றரில் நிற்கும் சக தொழிலாளிக்கு அந்த ஒளியில் ஒன்பதிலொரு பங்கே கிடைக்கும். அப்பால் இருக்கும் லயன் அறைகளோ இருளில் மூழ்கிவிடும்.

படம் அழகாயிருக்கும், அதில் ஐயமில்லை. அவள் காவிய நாயகிபோலத் தோன்றுவாள். ஆனால் அவளை அவளாக்கிய உலகம் எங்கே? கூலியும் கங்காணியும் கூரையொழுகும் அறையும் எங்கே? ஒரு மனிதப்பிறவியைச் சமூகச் சூழலிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே ஒளிரவைக்கும் கலைக்கொள்கை ஒன்றை இலக்கியத்திலே நாம் நெடுநாளாக எதிர்த்து வந்திருக்கிறோம். அக்கொள்கை இங்கே ஒரு கருவியின் இயல்பான வசதியாகவே வந்து நிற்கிறது. வறுமையை மறைப்பதற்கு இருளே வேண்டுமென்பதில்லை. தேர்ந்து பாய்ச்சிய ஒளியும் போதும்.

இதற்கு மறுமொழி கூறுவார் உளர். ‘செயற்கை ஒளியை விலக்கி, உள்ள ஒளியிலேயே எடுத்தால் உண்மை கெடாதே’ என்பர். இவ்வாதத்தில் நேர்மை உண்டு. ஆயினும் முழு உண்மை இல்லை. ‘உள்ள ஒளி’ என்பது இயற்கை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டதா? சாளரமுள்ள வீடு எவனுக்கு, இல்லாத வீடு எவனுக்கு என்பதைத் தீர்மானிப்பது சொத்துடைமை. நியூயோர்க்கின் உள்ளறைகளை இருட்டாக்கியவன் வீட்டுக்காரன், கதிரவனல்லன். கமராவும் நடுநிலையாய்ப் பிறந்ததில்லை. நிறப்படங்களைச் சரிபார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் வழங்கிய அட்டைகளிலே வெள்ளைக்காரப் பெண்ணின் தோல்நிறமே பல்லாண்டுகள் அளவுகோலாயிருந்தது. கருநிற முகங்கள் அப்படச்சுருள்களில் விவரமிழந்து மங்கின. உச்சிவெயிலிலே உழைப்பவனின் கண்கள் தலைப்பாகையின் நிழலில் இரு குழிகளாகவே படத்தில் விழும். அந்தக் கண்களை மீட்டுத்தருவது அளவாகச் சேர்த்த பிளாஷ் ஒளியே. ஆகவே ஒளியைச் சுமந்து செல்வது சிலவேளை நீதியாகவும் அமையும்.

அப்படியாயின் நன்மை தீமையை எதைக்கொண்டு பிரிப்பது? மூன்று உதாரணங்களை ஒப்புநோக்குவோம்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைக் குத்தகை விவசாயிகளைப் பற்றி மார்கரட் பூர்க்-வைற் என்னும் புகைப்படக் கலைஞரும் எர்ஸ்கின் கால்ட்வெல் என்னும் நாவலாசிரியரும் 1937இல் ஒரு நூல் வெளியிட்டனர். எழுத்தாளர் வீட்டாரோடு பேசிக்கொண்டிருப்பார். அவரோ பிளாஷ் விளக்குகளை நிறுத்தி, தூர இயக்கியைக் கையில் வைத்தபடி மூலையிலே காத்திருப்பார். தாம் விரும்பிய முகபாவம் தோன்றியதும், என்ன நடந்ததென்று அவர்கள் அறியுமுன்பே படம் பிடிக்கப்பட்டுவிடும். இம்முறையை அவரே நூலின் இறுதியிற் பெருமையோடு விவரிக்கிறார். படங்களின் கீழே அம்மக்கள் பேசுவதுபோல அச்சிட்ட சொற்கள் ஆசிரியர்களின் கருத்துகளே என்பதும் அந்நூலிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. அனுதாபத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவ்வேழைகளுக்குத் தமது முகத்தின்மீதும் உரிமையில்லை. தமது வாயின்மீதும் உரிமையில்லை.

லூயிஸ் ஹைன் என்னும் ஆசிரியர் 1908 முதல் தேசிய சிறுவர் உழைப்புக் குழுவுக்காக ஆலைகளையும் சுரங்கங்களையும் படமெடுத்தார். அவரும் மகனீசியத் தூளையே கொளுத்தினார். வேதாகம விற்பனையாளர் எனவும் அஞ்சலட்டை வியாபாரி எனவும் வேடமிட்டு உள்ளே நுழைந்தார். அவர் ஏமாற்றியது ஆலை முதலாளியையும் காவலாளியையும். சிறுவர்களிடமோ பெயரையும் வயதையும் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். தமது சட்டைப் பொத்தான்களை அளவாகக்கொண்டு அவர்களது உயரத்தைக் கணித்தார். 1911 ஜனவரியில் பென்சில்வேனியாவில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் சிறுவர்களை எடுத்த படத்திலே வரிசை வரிசையாகக் கரிபடிந்த முகங்களும் அவர்கள் குனிந்திருந்த இடமும் ஒருங்கே தெரிகின்றன. அவரது ஒளி முகத்தை மட்டும் காட்டி வேலைத்தலத்தை மறைக்கவில்லை. 1916இல் இயற்றிய சட்டத்தை 1918இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1938இல்தான் நிலையான சட்டம் வந்தது. ஹைன் 1940இல் வறுமையிலே மறைந்தார்.

மூன்றாமவர் ஆபிரிக்கர். 1960இல் விடுதலையடைந்த மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில், மாலிக் சிடிபே என்னும் இளைஞர் இளைஞர் மன்றங்களின் நடன விருந்துகளுக்குக் கமராவும் பிளாஷுமாகச் செல்வார். அன்றிரவே படங்களைக் கழுவி ஸ்ரூடியோவில் வைப்பார். ஆடியவர்களே வந்து, தமது படங்களைத் தெரிந்து வாங்கிச் செல்வர். பிளாஷ் எழுப்பிய அதே திடீரொளிதான். ஆனால் அதைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. அதற்காகக் காத்திருந்து தம்மை அலங்கரித்துக்கொண்டனர். படத்திலுள்ளவனே படத்தின் முதல் வாசகன். அவனே அதன் உடைமையாளன்.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை துலங்கும். அறம் விளக்கினுள்ளே இல்லை. விளக்கைப் பிடிப்பவனுக்கும் விளக்கின்முன் நிற்பவனுக்கும் இடையேயுள்ள உறவிலே இருக்கிறது. யார் அழைத்தார்? யார் அறிந்தார்? படம் யாரிடம் போய்ச் சேர்கிறது? எதனை வெளிப்படுத்த எது இருட்டடிப்புச் செய்யப்பட்டது? இந்நான்கு கேள்விகளுக்கும் நேர்மையாக விடைசொல்லக்கூடியவன் எந்த விளக்கையும் சுமக்கலாம்.

ஐந்தாவது கேள்வி ஒன்றும் உண்டு: விளக்கை எரியவைத்தவர் யார்? லிதியம் பற்றரிகளிற் பலவற்றுக்குக் கோபால்ற் என்னும் உலோகம் வேண்டும். உலகின் கோபால்ற்றிற் பெரும்பங்கு கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் கைகளாற் கனிமம் பொறுக்குவதைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016இல் வெளிப்படுத்தியது. நிலக்கரியிடையே குனிந்திருந்த சிறுவர்மீது ஹைன் ஒளி வீசியதற்கும் இதற்குமிடையே நூற்றாண்டொன்று கழிந்துவிட்டது. கருவி எத்தனையோ மடங்கு வளர்ந்துவிட்டது. குனிந்திருக்கும் சிறுவன் நாடு மாறியிருக்கிறான், அவ்வளவே. அவன் மீதும் ஒளி படவேண்டும். ஆனால் அந்த ஒளிக்குள்ளேயே அவனது உழைப்பும் அடங்கியிருக்கக்கூடும் என்ற நினைவோடு அது படவேண்டும்.

இவ்வளவும் புகைப்படக்காரனுக்கு மட்டும் உரிய பாடமா? ஏழையின் கதையை எழுதும் எழுத்தாளன், கிராமத்துக்குச் சென்று விவரம் சேர்க்கும் மாணவன், வகுப்பறையிலே பின்வரிசைப் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் ஆசிரியன், இவர்கள் எல்லோர் கையிலும் ஒரு விளக்கு இருக்கிறது. ரீஸ் தீயை அணைத்துவிட்டே வெளியேறினார். அந்த மட்டிலே அவர் பொறுப்புணர்ந்தவர். அந்த ஐவருக்கும் நடந்ததை அவர் எடுத்துச் சொன்னாரா என்ற வினா மட்டும் இன்னும் எஞ்சி நிற்கிறது. ஒளி சுமந்து செல்பவர்கள் ஒவ்வொருவரும் அந்த வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று.