கம்பு ஒன்று, மெத்தையும் ஒன்றா?



உயரம் பாய்தல் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுகளுள் மிகவும் நேர்மையானது அதுவே என்பார் சிலர். குறுக்கே கிடக்கும் கம்பு யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை. பாய வருபவள் யார் வீட்டுப் பிள்ளை, என்ன மொழி பேசுகிறாள் என்று அது கேட்பதில்லை. தொடர்ந்து மூன்று முறை தவறினால் எவராயினும் விலக வேண்டியதுதான். அப்படியானால், எல்லோருக்கும் ஒரே உயரத்தில் கம்பை வைத்துவிட்டால் நீதி செய்தவர்களாகிவிடுவோமா?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென் கொரியாவின் யெச்சோன் நகரில், இருபது வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய மெய்வல்லுநர் போட்டி நடந்தது. அதில் பெண்கள் உயரம் பாய்தலில் இந்தியாவின் பூஜா சிங் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2025 மே மாதம் அதே நாட்டின் குமி நகரில், வயது வந்தோருடன் போட்டியிட்டு, 1.89 மீற்றர் பாய்ந்து ஆசியத் தங்கத்தையே வென்றார். அப்போது அவருக்கு வயது 18. ஹரியானாக் கிராமமொன்றைச் சேர்ந்த மேசன் ஒருவரின் மகள் அவர். ஆரம்பத்தில் மூங்கிலைக் கம்பாக வைத்து, வைக்கோல் அடைத்த சாக்குகளின் மேல் விழுந்துதான் பயின்றார்.

"பார்த்தீர்களா, மனமிருந்தால் மார்க்கமுண்டு! வறுமை ஒரு தடையே அல்ல" என்று உடனே சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அந்தச் சாக்குகள் தாமாக நிரம்பவில்லை. இந்தப் பிள்ளை பாய்ந்தால் எங்கே விழுவாள் என்று யாரோ முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, வைக்கோலை அடைத்து வைத்தார்கள்.

மெத்தை சிறிய விஷயமல்ல. நம் நாட்டவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்ற காலத்தில், பாய்பவர்கள் பெரும்பாலும் மணலிலே விழுந்தார்கள். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டிக் பொஸ்பரி, கம்பின் மேல் முதுகைத் திருப்பிப் பாய்ந்து வென்றார். இன்று உலகெங்கும் வழங்குவது அந்த முறையே. ஆனால் முதுகும் கழுத்தும் முதலில் தரையைத் தொடும் அம்முறையை, தடித்த மெத்தையின்றிப் பயில முடியுமா? கட்டாந்தரையில் அதைச் செய்யத் துணியும் பிள்ளையைப் பெற்றவர்களே தடுப்பார்கள், தடுப்பதுதான் நியாயமும்கூட. பாய்ந்த உயரம் ஏட்டில் ஏறுகிறது. விழுந்த மெத்தையை யாரும் எழுதி வைப்பதில்லை.

நமது உடப்புசல்லாவைக்கு வருவோம். லயத்துக்கும் தேயிலைச் செடிக்கும் இடையே, ஓடிப் பாயச் சமதரை கிடைப்பதே அருமை. விளையாட்டை விடுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் தமிழ் வினாத்தாள் கொழும்புப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒன்றேதான். கம்பு ஒன்றே! ஆனால் தாய் கொழுந்தெடுத்துத் திரும்புமுன் தண்ணீர் கொண்டுவந்து, உலை வைத்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண் எப்போது புத்தகத்தைத் திறப்பாள்? அவள் தவறினால், "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

"அப்படியானால் ஏழைப் பிள்ளைக்குக் கம்பைத் தாழ்த்த வேண்டுமோ?" என்று கேட்பீர்கள். வேண்டாம். அது அவளால் முடியாது என்று முன்னரே முடிவு கட்டுவதாகும். பூஜா பாய்ந்த 1.89 மற்றவர்களுக்கும் 1.89தான், அதனாலேயே அந்தத் தங்கத்துக்கு மதிப்பு. கம்பைத் தாழ்த்துவது இரக்கம் போலத் தோன்றும் அவமதிப்பு. மெத்தை போடாமல் கம்பை மட்டும் காட்டுவதோ நீதி போலத் தோன்றும் கொடுமை.

ஆகவே இரு சாராருக்கும் கடமை உண்டு. பாடசாலையையும் தோட்டத்தையும் நிர்வகிப்போர், "சாக்கில் விழுந்தே ஒருத்தி வென்றாளே" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. வென்ற ஒருத்தியை அறிவோம்; விழ இடமின்றி ஓடாமலே நின்றுவிட்டவர்களை யார் அறிவார்? பெற்றோராகிய நாமும், "எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கைவிரிக்கக் கூடாது. மகளின் கையிலுள்ள குடத்தை மகனும் ஒரு நேரம் சுமக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் வானொலியும் தொலைக்காட்சியும் ஓயட்டும். முதல் முறை தவறியவளை ஏசாமல், அடுத்த முறைக்கு அனுப்பி வையுங்கள். நம்மால் அடைக்க முடிந்த வைக்கோல் இவ்வளவுதான் என்றாலும், அதை இன்றைக்கே அடைக்கலாம்.

ஒரு பிள்ளை விழுந்ததைக் காணும்போது, அவள் எவ்வளவு உயரம் பாய்ந்தாள் என்று கேட்குமுன், எதன் மேல் விழுந்தாள் என்று கேட்டுப் பாருங்கள், வாசகரே.