முகப்பருவும் பொறுப்பும்

முகப்பரு மயிர்க்கால்களில் தொடங்கும் தோல் நோய். ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண், பெண் இருவர் உடலிலும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது, அந்தச் சுரப்பி வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் சுரக்கிறது. துளையின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் அந்த எண்ணெயோடு குழைந்து வழியை அடைக்கின்றன. எல்லோருடைய தோலிலும் எப்போதும் வாழ்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா அடைப்புக்குள் பெருகுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழ, இடம் சிவந்து வீங்குகிறது.

இந்த நிகழ்ச்சியில் நல்லது, கெட்டது எதுவும் இல்லை. ஆனால் இது நடப்பது முகத்தில், அதுவும் இளமையில். அதனால் பருவைப் பார்த்தவர்கள் அதற்குரியவரின் நடத்தையையும் சேர்த்தே எடைபோட்டு வந்திருக்கிறார்கள். முகம் கழுவாதவர், வாயைக் கட்டாதவர், மனத்தில் கெட்ட எண்ணம் உள்ளவர் என்ற மூன்று பழிகளும் பழையவை. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவ எழுத்துகளிலேயே பருவைச் சுயஇன்பத்தோடு முடிச்சுப் போட்டவை உண்டு. அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை இந்த விஷயத்தில் நிதானமாக இருக்கிறது: கபம், வாதம், இரத்தம் ஆகியவற்றின் கேட்டால் இளைஞர் முகத்தில் இலவ மரத்து முள் போல எழுபவை என்று சொல்லிவிட்டு, யார்மேலும் குற்றம் சுமத்தாமல் நகர்கிறது. உடலில் தோன்றும் ஒரு குறைக்கு அந்த உடலுக்கு உரியவர் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி இங்கே எழுகிறது.

அழுக்கால் பரு வருகிறது என்ற பழி நிற்காது. மூக்கின்மேல் தெரியும் கரும்புள்ளி தூசி படிந்ததால் கறுக்கவில்லை. அடைப்பில் உள்ள நிறமியும், காற்றுப் பட்டு மாறிய கொழுப்புமே அந்தக் கறுப்புக்குக் காரணம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. மாறாக, அழுத்தித் தேய்க்கும்போது தோல் புண்பட்டுப் பரு கூடும். உணவைப் பற்றிய பழியில் ஓரளவு உண்மை இருக்கலாம்: சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவும் பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எண்ணெய்ப் பலகாரம் உண்டதால் முகத்தில் எண்ணெய் வழிகிறது என்பதற்கு அப்படி வலுவான ஆதாரம் இல்லை.

2002இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். பிரிட்டனில் பெண் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு, பரு வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 81 சதவீதம் மரபணுக்களால் வருகிறது என்றது. மற்றது, பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரையும் பராகுவேயின் அச்சே பழங்குடியில் 115 பேரையும் பரிசோதித்து, ஒருவர் முகத்திலும் பரு காணவில்லை என்றது. இரண்டும் முரண்படுவதில்லை. ஒரே மாதிரி உண்டு, ஒரே மாதிரி வாழும் சமூகத்துக்குள் யாருக்குப் பரு வரும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பு முடிவு செய்கிறது. அந்தச் சமூகம் முழுவதற்கும் பரு எவ்வளவு பரவும் என்பதில் வாழும் முறைக்கும் பங்கு இருக்கக்கூடும். ஆக, தனி ஒருவர் தேர்ந்துகொள்ளாத இரண்டு காரணங்கள், பெற்றோரும் பிறந்த சமூகமும், பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அவர் கைக்கு எஞ்சுவது சிறிய பகுதி. அதைப் பழி என்று சொல்வது அநீதி. கடமை என்று சொல்வது பொருந்தும். பழி நடந்து முடிந்ததைப் பிடித்துக்கொள்கிறது, கடமை இனிச் செய்ய வேண்டியதைப் பார்க்கிறது.

உடலைப் பேணுவது கடமைதானா என்பதில் சமயங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பௌத்தத்தில் துறவு ஏற்கும் இளையவருக்கு முதலில் தரப்படும் தியானப் பொருள்கள் ஐந்து: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். அழகென்று மயங்கவைக்கும் மேற்பரப்பை உள்ளபடி காணும் பயிற்சி அது. திகம்பரச் சமண முனிவரின் அடிப்படை விரதங்களில் நீராடாமையும் ஒன்று. இல்லறத்தாருக்கு அது விதிக்கப்படவில்லை. திருமூலரோ உடம்பை இழிவாக எண்ணியிருந்து, பின் அதனுள் இறைவன் குடியிருப்பதைக் கண்டு பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். ரோம் நாட்டில் அடிமையாக இருந்து மெய்யியல் ஆசிரியரான எபிக்டெட்டஸ், உடல் நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுள் ஒன்று என்று ஓயாமல் கற்பித்தவர். அவரே தூய்மையைப் பற்றித் தனியாக ஓர் உரை நிகழ்த்தி, அழுக்கோடு வரும் மாணவனைவிடத் தலைவாரி வரும் மாணவனே தனக்கு உகந்தவன் என்கிறார். அழகில் நாட்டம் உள்ளவனுக்கு மேலான அழகைக் காட்ட முடியும் என்பது அவர் வாதம். முகத்தைக் கவனிப்பது அற்பத்தனம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

செயலில் உரிமை உண்டு, பலனில் இல்லை என்ற கீதையின் போதனை பரு வரும் முகத்தைப் பேணுவோருக்கு நேராகவே பொருந்துகிறது. ஒரு பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே துளை அடைபடத் தொடங்கிவிடுகிறது. அதனால் இன்று தடவும் மருந்து நாளைய பருவைத் தடுக்காது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் வரை ஆகும், தொடக்கத்தில் சற்றுக் கூடுவதும் உண்டு. தினமும் கண்ணாடியில் பலனைத் தேடுகிறவர் இரண்டாம் வாரத்தில் மருந்தை மாற்றுகிறார், நான்காம் வாரத்தில் மனம் விட்டுவிடுகிறார். பலனை எண்ணாமல் செய்வது இங்கே துறவியின் லட்சியம் அல்ல, மருந்து வேலை செய்வதற்கான நிபந்தனை.

செய்ய வேண்டியவை எளியவை. காலையும் இரவும், நன்றாக வியர்த்த பிறகும், காரம் குறைந்த சோப்பாலோ ஃபேஸ்வாஷாலோ விரல் நுனிகளால் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். தோல் வறண்டால், துளையை அடைக்காதது என்று குறிக்கப்பட்ட மாய்ஸ்சரைசர் வேண்டும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் மயிர் ஓரத்தில் பரு வரிசையாகக் கிளம்பும். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, இரவில் மெல்லிய பூச்சாக அடாபலீன் ஆகிய மருந்துகள் ஆய்வில் தேறியவை. பரு எழுந்த புள்ளியில் மட்டும் வைக்காமல், பரு வரும் இடம் முழுவதும் தடவ வேண்டும். மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெயில் அந்தக் கறுப்பை ஆழமாக்குவதால் சன்ஸ்கிரீன் தேவைப்படுகிறது.

கைகளை அடக்குவதுதான் கடினம். பருவைக் கிள்ளினால் சீழ் உள்ளேயும் பிதுங்கிப் பரவி, தழும்பு விழுகிறது. அவசரத்தின் இன்னொரு வடிவம், சிவப்பழகு தரும் என்று கடையில் வாங்கும் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு வெடிக்கும்.

எல்லாம் முறையாகச் செய்தும் சிலருக்குப் பரு அடங்காது. அது அவர்களுடைய ஒழுக்கக் குறைவு அல்ல. தோலுக்கடியில் வலிக்கும் கட்டிகள் வந்தாலும், தழும்பு விழத் தொடங்கினாலும், தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். ஆழமாக விழுந்த தழும்பை முழுவதும் நீக்கும் சிகிச்சை இல்லை. தோல் மருத்துவர் தரக்கூடிய ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குவது. கருவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கும் என்பதால், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்து, கருத்தடை முறையை உறுதிப்படுத்திய பின்பே அது தொடங்கப்படுகிறது.