ஊர்காண் காதை யாருக்கு?

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஊருக்குப் புதியவர்கள் இருவர் மதுரையின் தெருக்களைச் சுற்றிவருகிறார்கள். கோவலன் சுற்றுவது ஊர்காண் காதையில், கண்ணகி சுற்றுவது ஊர்சூழ் வரியில். இரண்டுக்கும் நடுவில் நான்கு பகுதிகளும் ஒரு கொலையும் இருக்கின்றன.

வணிகர்களைக் கண்டு தன் நிலையைச் சொல்லி வருவதாகக் கூறித்தான் கோவலன் கிளம்புகிறான். ஆனால் காதை நெடுக அவன் ஊரைப் பார்க்கிறான்: கணிகையர் வீதி, அங்காடி, மணிகள் விற்கும் தெரு, பொன் தெரு, துணித் தெரு, தானியம் குவிந்த கூல வீதி. திரும்பிவந்து கவுந்தியடிகளிடம் மதுரையின் பெருமையைச் சொல்கிறான். சிலம்பை விற்றுப் பிழைக்க வந்தவனுக்கும் அப்படி ஒரு நாள் கிடைத்துவிடுகிறது. அவனோடு அதே காட்டுவழியில் நடந்துவந்த கண்ணகி அன்று புறஞ்சேரியில் இருக்கிறாள். பிறகு மாதரி அவளை மதில் வாயிலைக் கடந்து நேராகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறாள். எஞ்சிய சிலம்பை ஏந்தி அவள் தெருவில் இறங்கும்போது கணவன் உயிரோடு இல்லை.

இந்தப் பகுதிகளை நடத்தும்போது வகுப்பில் ஒன்று கேட்பேன்: ஓர் ஊரில் சும்மா நடக்க ஒரு பெண்ணுக்குக் காரணம் வேண்டுமா? “வேண்டாம் மேம்” என்று மாணவிகள் உடனே சொல்வார்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று கேட்டால் சிறிது அமைதி. பிறகு தேர்வு, நேர்காணல், தோழியின் கல்யாணம், கோயில் என்று பதில்கள் வரும். கோயில் எல்லோருக்கும் உதவும் காரணம்.

மும்பையை முன்வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011இல் வெளியான ‘வொய் லாய்ட்டர்?’ நூல் இந்தக் காரணத்தைத்தான் ஆராய்கிறது. பெண் வெளியே வரலாம். ஆனால் ஏதோ வேலையாக வந்திருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாதுகாப்பு என்று பேசத் தொடங்கினால் கடைசியில் வீட்டுக்குள் வைக்கப்படுவது பெண்தான். அதனால் அவர்கள் வேலையின்றித் திரிவதையே உரிமையாகக் கேட்கிறார்கள்.

கருத்தரங்கு, வாய்மொழித் தேர்வு என்று நான் மதுரைக்கு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்த மதுரை மாட்டுத்தாவணி, ஒரு விருந்தினர் அறை, ஓர் அரங்கம், அவ்வளவுதான். இன்னும் அது எனக்குப் புது ஊர். அதனால் அடுத்த கருத்தரங்குக்கு ஒரு நாள் முன்பே போகத் திட்டம் போட்டிருக்கிறேன். காலையில் குளித்துவிட்டுத் தூங்குவது. பசித்தபோது சாப்பிடுவது. வெயில் தாழ்ந்ததும், வண்டிகள் வராத சித்திரை வீதிகளில் ஒரு சுற்று. கோயிலைச் சூழ்ந்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் அடுக்கடுக்காக இருப்பதால் வழி தவறுமென்ற பயமில்லை. கால் வலித்தால் உட்காருவது. ஒரு ஜிகர்தண்டா. எழுதி முடித்த தாளில் நூலகம், ஒரு பேராசிரியருடன் சந்திப்பு என்று இரண்டு வரிகளைக் கை தானாகச் சேர்த்தது. யாரும் காரணம் கேட்காதபோதும் பதிலைத் தயார்செய்யும் பழக்கம் அது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. கவுந்தியடிகள் கண்ணகிக்குக் காவலாக இருந்ததால்தான் கோவலன் கவலையின்றி ஊர் பார்த்தான். என்னுடைய ஓய்வு நாளை யார் சுமப்பார்கள்? வீட்டில் எழுபதைத் தாண்டிய மாமியார் இருக்கிறார். விடுதி அறையின் விரிப்பை ஒரு பெண்தான் மாற்றுவார். வீதியோரத்தில் மல்லிகை தொடுத்து விற்கும் அம்மா நாள் முழுக்கத் தெருவில்தான் இருக்கிறார். ஆனால் அவர் அங்கே உட்காருவதற்கு மடியிலிருக்கும் கூடைதான் அனுமதி.

அப்படியானால் இந்த நாளை விட்டுக்கொடுப்பதுதான் அறமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வீட்டிலேயே இருந்துவிட்டால் பூக்கார அம்மாவுக்கு ஒரு மணிநேரம்கூட ஓய்வு கூடாது. ஒரு பெண் துறக்கும் ஓய்வு இன்னொரு பெண்ணைப் போய்ச் சேர்வது அரிது. அதை வீடு விழுங்கிவிடுகிறது.

வேறு விதமாகக் கணக்குத் தீர்க்கலாம். புது ஊரில் நடக்கும் பெண்கள் பலர் தாகமிருந்தும் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை எங்கே என்ற கவலை. சுத்தமான கழிப்பறை, நிழலில் ஒரு பெஞ்சு, இரவில் எரியும் தெருவிளக்கு ஆகியவை எனக்கு ஒரு நாளைக்குத் தேவை, பூக்கார அம்மாவுக்கு ஆண்டு முழுவதும் தேவை. சும்மா இருக்கும் உரிமையைக் கேட்கிறவள் இவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். என் ஓய்வுக்கும் அவர் உழைப்புக்கும் பொதுவான தெரு அங்கேதான் தொடங்குகிறது.

அன்றைய சமையல் மாமியாருடையதல்ல, கணவருடையது. அதை ‘உதவி’ என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. திரும்பி வந்ததும் “அத்தை, உங்களுக்கு எந்த ஊரைப் பார்க்கணும்?” என்று கேட்பேன். எந்தக் கோயிலுக்குப் போகணும் என்று கேட்கமாட்டேன்.