என்கிட்ட நிக்கலையே

வண்டியைத் திருப்பித் தரும்போது மெக்கானிக்குகள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "நானும் ஓட்டிப் பாத்துட்டேன் சார், என்கிட்ட நிக்கலையே." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி ஏகாரம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: "அப்ப வண்டியில ஒண்ணும் இல்ல." 'நான் பார்க்கவில்லை' என்பதிலிருந்து 'அது இல்லை' என்பதற்குத் தாவ நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கீழ்ப்பழனி மலையில் இருக்கும் என் பெரியப்பாவிடம் இருபது வருடப் பழைய பெட்ரோல் ஃபோர்வீல் வண்டி ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மலை இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும்.

இரண்டு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: "ஐயாவுக்கு வயசாயிடுச்சுல்ல, கிளட்ச்ச வெடுக்குனு விட்டுடுறாரு போல." முப்பது வருடம் மலையில் வண்டி ஓட்டியவர் தன் இடது காலையே சந்தேகிக்க ஆரம்பித்தார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸில் போனார்.

ஓட்டிப் பார்ப்பது உண்மையில் எவ்வளவு சொல்லும்? புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒரு எளிய கணக்கு உண்டு. 30 முறை ஓட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை என்றாலும், 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது இவ்வளவுதான்: நிற்கும் வாய்ப்பு 10-இல் 1-க்கு மேல் இருக்காது. ஒரே ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தவரால் ஏறக்குறைய எதுவுமே சொல்ல முடியாது. தினமும் ஏறி இறங்குகிறவரிடம்தான் தரவு இருக்கிறது. ஆனால் அவர் சொல்வதற்குப் பெயர் 'கம்ப்ளெயின்ட்', நாம் பார்த்ததற்குப் பெயர் 'டெஸ்ட்'.

மூன்றாவது மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை, முதலில் கேட்டார். "ஏத்தம் ஏறி எஞ்சின் சூடான பொறகா நிக்குது? ஆறினா தானா எடுத்துக்குதா? நிக்கிறப்ப ஆர்பிஎம் முள்ளு சட்டுனு சைபருக்கு விழுதா?" பெரியப்பாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அவர் சந்தேகப்பட்டது கிராங்க் சென்சாரை. அந்த வண்டியில் அது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருள். பல்சக்கரம் அதன் முன் சுழலும்போது எழும் துடிப்பை வைத்துத்தான் ஈசியூ பொறி தரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. சுருளில் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விலகும். சிக்னல் வராவிட்டால் எஞ்சின் சுற்றவில்லை என்று எண்ணி ஈசியூ பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும். ஆறினால் விரிசல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் மீட்டர் வைக்கும்போது வண்டி ஆறித்தானே இருக்கும்? இவர் எஞ்சினை ஓடவிட்டு சென்சார்மேல் ஹீட் கன் பிடித்தார். நின்றது. வண்டி நின்றதற்கு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

சென்சாரை மாற்றிய பிறகும் அவர் 'சரியாயிடுச்சு' என்று சொல்லவில்லை. "இந்தக் காரணம் போயிடுச்சுங்கய்யா. வேற ஏதும் இருந்தா தெரியாது. மறுபடி நின்னா எங்க, எத்தன மணிக்குனு குறிச்சு வைங்க."

எங்கள் மென்பொருள் துறையிலும் 'எங்கள் கணினியில் வரவில்லை' என்று எழுதிப் புகாரை மூடும் வழக்கம் உண்டு. மருத்துவத்தில் சாதாரண ஈசிஜி பதிவுசெய்வது 10 விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் படபடப்பு வராவிட்டால் "ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட முடியும். நார்மன் ஹோல்டரின் பெயரைத் தாங்கிய கருவி நோயாளியோடு சேர்ந்து வீட்டுக்குப் போய் 24 மணி நேரம் உடன் இருக்கிறது. 'என் முன்னால் வரட்டும்' என்று உட்கார்ந்திருக்காமல், அது வரும் இடத்துக்கே போகிறது.

ஒருவரை நம்புவதற்கு அவர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நிரூபிக்கும் சுமையில் பாதியை நாம் தூக்கிக்கொண்டால் போதும். அதற்கு நேரமோ கருவியோ இல்லையா, "என்கிட்ட நிக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஏகாரம் வேண்டாம்.