அலமாரியில் விட்டுவைத்தது

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் கொரோனா தொற்றைத் தடுக்க ஞாயிறு காலை முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மளிகைக் கடைகூடத் திறக்காது; காய்கறி மட்டும் வண்டியில் வரும். நடுவே மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று விடிந்ததுமே கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்தன. ஒரு மாதமாக இடைவெளிக்கென்று கடை வாசலில் போட்டிருந்த வெள்ளை வட்டங்கள் கால்களுக்கடியில் மறைந்துபோயின. கூட்டத்தைக் கண்டு, பகல் ஒரு மணிக்கு மூட வேண்டிய கடைகளை மூன்று மணி வரை திறந்துவைக்க அரசு இடங்கொடுத்தது.

அந்தச் சனிக்கிழமையை நினைக்கும்போதெல்லாம், மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவசரத் தீர்ப்பு அது. நான்கு நாள் கடை கிடையாது என்றால், வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக முதியவரோ இருக்கும் எவரும் ஓடத்தான் செய்வார். ஓடியதைக் குற்றம் சொல்ல முடியாது. கடைக்குள் நுழைந்த பிறகு எழுவதுதான் கேள்வி: கையில் காசு இருக்கிறது, அலமாரியில் சரக்கு இருக்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது. எவ்வளவு எடுப்பது நியாயம்?

அதிகம் எடுத்தவர் பக்கத்து நியாயத்தை முதலில் முழுமையாகக் கேட்க வேண்டும். மாதம் பிறந்ததும் பட்டியல் எழுதி மொத்தமாகச் சாமான் வாங்குவது நம் வீடுகளில் சிக்கனத்தின் அடையாளம். அப்படி வாங்கத் தெரிந்தவளைத்தான் குடும்பத்தைக் கட்டுசெட்டாக நடத்துகிறவள் என்போம். 2020 மார்ச்சில் அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. வீட்டை விட்டு வராதீர்கள் என்றது அரசு. மாதத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போகிறவர், தினமும் போகிறவரைவிடக் கூட்டத்தையும் குறைக்கிறார், தொற்றையும் குறைக்கிறார். வீட்டில் இறங்கிய 25 கிலோ அரிசி மூட்டை, ஊருக்குச் செய்த நன்மையாகவே தோன்றியது. இதைச் சப்பைக்கட்டு என்று தள்ள முடியாது. இதில் உண்மை இருக்கிறது.

ஆனால் எல்லா வீட்டிலும் மாதச் சாமான் என்ற ஒன்று கிடையாது. சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு வரும் வழியில் அரைக் கிலோ அரிசி, பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் மிளகாய்த்தூள், இரண்டு முட்டை. அந்த வீடுகளில் டப்பாக்கள் வரிசையாக இருக்காது. தெருமுனைக் கடையின் அலமாரிதான் அவர்களுடைய அலமாரி. அதிலிருந்து அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். வசதியுள்ளவர் அந்த அலமாரியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகும்போது, கடைச் சரக்கைக் காசு கொடுத்து வாங்குவதாகத்தான் நினைக்கிறார். அவர் கை போவது இன்னொருவர் சமையலறைக்குள்.

வீட்டுக்கென்று இப்படி அள்ளிப்போவதற்குத் தமிழில் பெயரில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதுக்கல் என்ற சொல்லை வியாபாரியின் கிடங்குக்கென்றே ஒதுக்கிவிட்டோம். முகக்கவசமும் கிருமிநாசினியும் மாயமாகத் தொடங்கியபோது, 2020 மார்ச் 13 அன்று மத்திய அரசு அவற்றை அத்தியாவசியப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என்று உச்சவிலையும் வைத்தது. கடைக்காரரைச் சட்டம் பார்த்துக்கொண்டது. வீட்டுப் பரணைச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. கேட்க ஆளில்லாத அந்த இடத்தில் தன்னைத் தானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான் வழி.

வரிசையில் நின்றேன், காசு கொடுத்தேன், பிறகென்ன? பலருடைய பதில் இதுதான். வரிசையைக் குறைத்துப் பேசக் கூடாது. சாதி பார்க்காத, பதவி பார்க்காத வரிசை இந்த மண்ணில் லேசில் வந்ததல்ல. ஆனால் யார் முன்னால் வந்தார் என்பது ஒன்றைத்தான் வரிசை பார்க்கும். ஏன் முன்னால் வர முடிந்தது என்று கேட்காது. அந்த ஏப்ரலில் பெரும்பாலான நாள் கடை நேரம் காலை ஆறு முதல் பகல் ஒன்று. விடியற்காலையில் தெருக்கூட்டப் போன தூய்மைப் பணியாளர் வேலை முடித்துத் திரும்புவதற்குள் ஷட்டர் இறங்கிவிடும். கூலி கைக்கு வராமல் கடைக்கே வர முடியாதவருக்கு வரிசை இருந்தும் பயனில்லை.

ரேஷன் கடை வேறொரு வழியைக் காட்டியது. அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று அறிவித்த அரசு, நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே அனுப்பியது. பங்கு முன்பே அளந்து வைக்கப்பட்டிருந்ததால் முந்துகிறவருக்கு அதில் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. அட்டை இல்லாதவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். வேறு மாநில அட்டைக்கும் இங்கே பொருள் தரும் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான். அதற்குள் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். என்றாலும், முன்கூட்டி அளந்து வைக்கும் அந்த எண்ணம் சரியானது.

ஊரடங்கு நீண்டபோது உதவியும் பெருகியது. அம்மா உணவகங்கள் அடுப்பை அணைக்கவில்லை. இளைஞர்கள் தெருத்தெருவாக அரிசிப் பை கொண்டுபோனார்கள். தன்னார்வலர்கள் நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று அரசு தடுத்தது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. கொடுத்தவர்களில் பலர் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் போனவர்கள். அவர்களை வணங்கத்தான் வேண்டும். பை வாங்குகிறவர் முகத்தைப் படமெடுத்துப் பரப்பியது மட்டும் மன்னிக்க முடியாதது.

ஆனால் ஒரு கணக்கு மனத்தை உறுத்துகிறது. பத்தாம் நாள் ஐந்து கிலோ அரிசியைத் தானமாகக் கொடுத்தவரும், முதல் நாள் ஐம்பது கிலோவைத் தூக்கிப் போனவரும் ஒருவராகவே இருந்திருக்கலாம். பெற்றவர் கைகூப்ப வேண்டியிருந்தது. அந்த அரிசி முதல் நாள் கடையிலேயே இருந்திருந்தால், கையில் மிச்சமிருந்த கூலியைக் கொடுத்து, யாருக்கும் நன்றி சொல்லாமல், தலை நிமிர்ந்து வாங்கிப் போயிருப்பார். விட்டுவைப்பதும் உதவிதான். அதற்குப் படம் கிடையாது, பெயர் கிடையாது. யாருக்கு உதவினோம் என்பதே தெரியாது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. வயிறு நிறைந்தபின் மீந்ததிலிருந்து அந்தப் பிடி எடுக்கப்படவில்லை. பசி இருக்கும்போதே எடுக்கப்பட்டது.

நான் விட்டுவைத்தால் எனக்குப் பின்னால் நிற்பவர் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்வாரே என்று கேட்கலாம். எடுத்துக்கொள்வார்தான். ஒருவர் மட்டும் அடக்கமாக இருந்து பயனில்லாத நேரங்கள் உண்டு. அங்கேதான் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மேல் பாரம் விழுகிறது.

அவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சரக்கு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. மே 5 அன்று கோயம்பேடு சந்தையே மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று தொற்று பரவியிருந்தது. எதிரே நிற்பவர் ரொக்கமாக ஐயாயிரம் ரூபாய்க்குப் பட்டியல் நீட்டுகிறார். பற்று நோட்டில் பெயர் இருக்கும் இருபது குடும்பங்கள் இன்னும் வரவில்லை. வந்தாலும் பணம் தரப்போவதில்லை, எழுதிக்கொள்ளத்தான் சொல்வார்கள். லாபக் கணக்குப் பார்த்தால் முடிவு சுலபம். “ஆளுக்கு ஒரு லிட்டர்தான் எண்ணெய், அண்ணாச்சி; நிலைமை அப்படி” என்று சொன்ன கடைக்காரர்கள் அந்தச் சுலபத்தை விட்டுக்கொடுத்தவர்கள். நல்ல வாடிக்கையாளர் முகம் சுளித்தார், சிலர் வேறு கடைக்கே போய்விட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர், நோட்டுக் குடும்பங்களுக்கென்று ஒரு மூட்டையை மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் முதலில் நிற்பவர் அதைப் பார்த்துவிடுகிறார். இருக்கும் சரக்கை இல்லை என்கிறாயே, இது பதுக்கல் இல்லையா என்று சத்தம் போடுகிறார். சட்டப்படி அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் செய்த தவறும் ஒன்று உண்டு: இல்லை என்று சொன்னது. மூட்டையை மேசைக்கு மேலே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்து, “இது பொழுது சாய்ந்து வருகிறவர்களுக்கு” என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்போதும் சத்தம் வந்திருக்கும். ஆனால் சத்தம் போடுகிறவர், வரப்போகிற அந்த இருபது வீட்டுக்காரர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் போட வேண்டியிருந்திருக்கும்.